புதுச் சைக்கிள் கணினி தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஹேண்டில்பாரில் மாட்டி வேகமும் தூரமும் பாதையும் பார்க்கப் பல ஆயிரம் ராண்ட் கொடுத்து வாங்கிய கருவி முதல் வாரத்திலேயே தகராறு செய்தால் எரிச்சல் வருவது நியாயம்தான். அந்த எரிச்சலில் சிலர், ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காகக் கருவியையே மூலையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், உண்மையிலேயே பழுதான கருவியை, "அடுத்த மென்பொருளில் சரியாகிவிடும்" என்ற வாக்கை நம்பி மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். பணத்தை விழுங்குவது இந்த இரண்டாவது பழக்கம். தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க ஆறு மாதம் தருகிறது. நிறுவனம் எத்தனை முறை "விரைவில்" என்று சொன்னாலும் அந்தக் கெடு நீளாது.

ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். இது அமைப்பில் உள்ள கோளாறா, மென்பொருளின் குறையா, கருவியின் பழுதா? முதலாவதை நீங்களே சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் காத்திருக்கலாம், ஆனால் நாள் குறித்துக்கொண்டு. மூன்றாவதற்குக் காத்திருக்கவே கூடாது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நாம் ஓட்டும் சாலைகளை வைத்தே வருகின்றன. நம் கடற்கரையின் வானிலையும் நம் மலைச் சரிவுகளும் இந்தக் கருவிகளைச் சோதிப்பதுபோல் பெட்டியோடு வரும் கையேடு சோதிப்பதில்லை.

எதையும் தொடும் முன்

அமைப்புகளில் "கருவியைப் பற்றி" என்ற பக்கத்தில் மென்பொருளின் பதிப்பு எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். ரசீது, பெட்டியின் பின்புறம், வாங்கிய நாளில் விளம்பரத்தில் இருந்த வசதிப் பட்டியல் ஆகியவற்றையும் படம் எடுங்கள். புதிதாக வெளிவந்த கருவிகளின் விளம்பர வாசகங்கள் சத்தமில்லாமல் மாறக்கூடியவை. நேற்று "உண்டு" என்று இருந்தது இன்று "வரவிருக்கிறது" என்று ஆகிவிடும்.

பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். கோளாறு மறுபடி வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செயற்கைக்கோள் பிடிக்க நெடுநேரமாகிறது. வரைபடத்தில் பாதை கட்டடங்களுக்குள் புகுந்து போகிறது

பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் வானிலிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளின் துல்லியமான சுற்றுப்பாதை விவரமும் சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எனவே முதல் முறை கருவியைத் திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் கைப்பேசிச் செயலியோடு ஒருமுறை இணைத்தால், அது இந்த விவரங்களை இணையத்திலிருந்து வாங்கிக் கருவிக்குக் கொடுத்துவிடும். பல நாள் இணைக்காமல் விட்டால் மறுபடியும் தாமதம் வரும். இது பழுதல்ல.

பாதை விலகுவது வேறு விஷயம். கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளிலும் உம்ஷ்லாங்காவின் உயர்ந்த கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகளைக் கருவி நேராக வந்தவை என்று எண்ணிவிடுகிறது. உங்கள் கருவி இரட்டை அலைவரிசை கொண்டதென்றால், அதாவது வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் வாங்குமென்றால், அந்த அமைப்பை இயக்கிப் பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த அதை மூடியே அனுப்புவதுண்டு. ஹில்கிரெஸ்ட், க்ளூஃப் பக்கம் மரங்கள் மூடிய சாலைகளில் மழைக்குப் பின் இலைகள் நனைந்திருக்கும்போதும் அலை வலுவிழக்கும்.

பழுதா என்று அறிய, ப்ளூ லகூன் பக்கம் கட்டடங்களிலிருந்து விலகிய திறந்தவெளிக்குப் போய், கருவியையும் கைப்பேசியையும் ஒன்றாகக் கையில் பிடித்து நேர்கோட்டில் நடந்து பதிவுசெய்யுங்கள். கைப்பேசியின் கோடு நேராகவும் கருவியின் கோடு தொடர்ந்து இருபது முப்பது மீட்டர் விலகியும் வந்தால், வேறொரு நாள் அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஆன்டெனாவில் கோளாறு. கடைக்குப் போங்கள்.

உயரம் கண்டபடி காட்டுகிறது

நம் ஊரில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்ல கணினிகள் உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுகின்றன. கடல் மட்டத்துக்கு அருகே ஒரு மில்லிபார் அழுத்தம் குறைந்தால் சுமார் 8.3 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தது நீங்கள் ஏறியதாலா, வானிலை மாறியதாலா என்று அதற்குத் தெரியாது. குவாசுலு-நடால் கடற்கரையில் வானிலை எப்படி மாறும் என்பது இங்கே சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று இறங்கும். காலை ஏழு மணிக்கே அனல் அடிக்கும். கடலோரத்தில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். பிறகு சட்டென்று தென்மேற்குக் காற்று புரண்டு வரும். வெப்பம் விழும், அழுத்தம் ஏறும், எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

அப்படியொரு காலையில் போத்தாஸ் ஹில் வரை போய்த் திரும்பிக் கடற்கரை நடைபாதையில் நின்றோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து எங்களோடு ஓட்டும் தம்பி தன் புதுக் கருவியைத் திருப்பிக் காட்டினார். திரையில் கழித்தல் 52 மீட்டர்.

"அண்ணா, நாம் கடலுக்கு அடியில் நிற்கிறோம் என்கிறது. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?"

"பழுதில்லை தம்பி. நாம் கிளம்பியபோது இருந்த காற்று இப்போது இல்லை, பாருங்கள்."

அவர் பின்னால் கொடிகள் எல்லாம் வடகிழக்கு நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தன. ஏழு மில்லிபார் ஏறினாலே ஐம்பத்தெட்டு மீட்டர் பிசகும். காலையில் ஐந்து மீட்டர் காட்டிய கருவி மதியம் கழித்தல் ஐம்பதைத் தாண்டிக் காட்டினால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள்.

செய்ய வேண்டியது இதுதான். கிளம்பும் இடத்தின் உயரத்தைக் கருவியில் நிலையாகப் பதிந்து வையுங்கள். பல கருவிகள் வீட்டு வாசலை நினைவில் வைத்து ஒவ்வொரு முறையும் தாமே திருத்திக்கொள்ளும். வழியில் சரிபார்க்க ஓர் அடையாளம் வேண்டுமென்றால், கொம்ரேட்ஸ் ஓட்டப் பாதையின் மிக உயர்ந்த இடமான உம்லாஸ் ரோடு சந்திப்பு 870 மீட்டர். அமாஷோவா சைக்கிள் போட்டியில் ஓட்டுபவர்களும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். மொத்த ஏற்றக் கணக்கு மட்டும் முக்கியமென்றால், பயணத்தை ஏற்றியபின் வரைபட உயரத்தைக் கொண்டு திருத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இனி உண்மையான கோளாறு. கருவியின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிறு துளைகள் தெரியும். அழுத்தத்தை உணர்வது அவற்றின் வழியாகத்தான். வியர்வை வழிந்து காய்ந்தால் அங்கே உப்பு வெள்ளையாகப் படியும். மழையில் ஒரு துளி நீர் துளையை அடைத்துக்கொண்டாலே உயரம் சமதளத்தில் முப்பது மீட்டர் தாவும், அல்லது மலையேறும்போது அசையாமல் நிற்கும். ஊசியோ ஊக்கோ விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே மெல்லிய சவ்வு இருக்கும், அது கிழிந்தால் நீர் உள்ளே போகும். குழாய் நீரை மெதுவாக ஓடவிட்டுக் கழுவி, துணியில் தட்டி, இரவு முழுக்க நிழலில் உலரவிடுங்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு ஒரு சோதனை. கருவியை எடுத்துக்கொண்டு ஏதாவது மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு ஏறுங்கள். சுமார் பத்து மீட்டர் கூட வேண்டும், இறங்கினால் பழைய எண்ணுக்கே வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் வானிலை மாறப்போவதில்லை. எண் அசையவே இல்லை என்றாலோ, ஏறி இறங்கியபின் எங்கோ போய் நின்றாலோ, அழுத்த உணரி பழுது. மென்பொருள் அதைச் சரிசெய்யாது.

சாய்வு எண் தாமதமாக வருகிறது

உயரமும் தூரமும் சேர்ந்து கணக்கிட்டு, நடுக்கம் தெரியாமலிருக்கச் சராசரி எடுத்துக் காட்டுவதால் சாய்வு எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். இன்சாங்கா ஏற்றம் தொடங்கிச் சில நொடி கழித்து எண் ஏறினால் குறை சொல்வதற்கில்லை. ஏற்றம் முடிந்து இறங்கும்போதும் ஏழு சதவீதம் என்று நின்றுகொண்டிருந்தால் அது மென்பொருளின் குறை. சக்கரத்தில் வேக சென்சார் பொருத்தினால் பெரும்பாலும் தேறும்.

தூரம் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை

வேக சென்சார் இருந்தால் சக்கரச் சுற்றளவைப் பாருங்கள். 25 மி.மீ. டயருக்கு உரிய சுமார் 2105 மி.மீ. கருவியில் இருக்க, நீங்கள் 28 மி.மீ. டயருக்கு மாறியிருந்தால் (சுமார் 2136), அமாஷோவாவின் 106 கிலோமீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் காணாமல் போகும். டயரில் வழக்கமான காற்றழுத்தத்தோடு, சைக்கிளின்மேல் உட்கார்ந்து, வால்வு நேர் கீழே வரும்போது தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி மறுபடி கோடு போட்டு அளப்பதே நம்பகமான வழி.

சென்சார் இல்லாதவர்கள் பதிவு இடைவெளியை "ஒவ்வொரு நொடியும்" என்று மாற்றுங்கள். நினைவகத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பில் வளைவுகள் வெட்டுப்படும். தானாக நிறுத்தும் வசதியையும் கவனியுங்கள். பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் களைத்துப்போய் நடை வேகத்தில் மிதிக்கும்போது, நீங்கள் நின்றுவிட்டதாக எண்ணிப் பதிவை நிறுத்திவிடும் கருவிகள் இருக்கின்றன. அந்த எல்லையைக் குறைக்க முடியாவிட்டால் வசதியையே மூடிவிடுங்கள். உழைத்த ஏற்றம் கணக்கில் வராமல் போவது யாருக்கும் மனம் ஒப்பாது.

சென்சார்கள் விட்டு விட்டு வருகின்றன

முதலில் பட்டன் பேட்டரி. சிஆர்2032 பேட்டரிகள் சிலவற்றில் குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு தொடுமுனையில் மின்சாரத்தைத் தடுக்கும். புதுப் பேட்டரி போட்டும் சென்சார் எழவில்லை என்றால், விளிம்பை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுத்து, யாரோடு இணைந்திருக்கிறது என்பது. ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் சென்சார் வானொலி நிலையம்போல் பரப்பிக்கொண்டே இருக்கும், எத்தனை கருவி வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத் அப்படியல்ல. ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு இணைப்புகளை மட்டும் ஏற்கும் சென்சார்கள் நிறைய. கைப்பேசியில் திறந்து மறந்துபோன பயிற்சிச் செயலி ஒன்று உங்கள் இதயத் துடிப்புப் பட்டையைப் பிடித்து வைத்திருந்தால், கணினிக்கு ஒன்றும் கிடைக்காது. செயலியை மூடுங்கள். ஒரே சென்சார் இரண்டு வகை இணைப்பிலும் பட்டியலில் இருந்தால் புளூடூத் பதிவை நீக்கிவிட்டு ஆன்ட் பிளஸ் பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நாள் பற்றி ஒரு வேண்டுகோள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடக்கக் கோட்டில் ஆயிரக்கணக்கானோரோடு நிற்கும்போது "புதிய சென்சாரைத் தேடு" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை அளக்கும் கருவி) உங்கள் திரைக்கு வந்துவிடும், அவர் கூட்டத்தில் மறைந்ததும் உங்கள் எண் பூஜ்யமாகும். வீட்டிலேயே, சுற்றிலும் வேறு சைக்கிள் இல்லாத இடத்தில் இணைத்து, சென்சாரின் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விட்டு விட்டு வந்தால், இடத்தைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பங்கு நீர். பின்சட்டைப் பையில் உள்ள கைப்பேசியோடு ஹேண்டில்பாரில் உள்ள கணினி இணைப்பைத் தவறவிடுவது இதனால்தான். அதே சென்சார் இன்னொருவரின் கணினியில் தடையின்றி வருகிறது, உங்கள் புதுக் கணினியில் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது என்று உறுதியானால், மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றுக்குக் காத்திருக்கலாம். ஒன்றுக்கு மட்டும்.

கிளம்பியதும் இதயத் துடிப்பு 200-ஐத் தாண்டுகிறது

உடம்புக்கு ஒன்றுமில்லை, மூச்சும் நிதானமாக இருக்கிறது என்றால், பட்டையின் மின்முனைகள் உலர்ந்திருக்கின்றன. பெர்க் காற்று வீசும் நாளில் காற்று வறண்டு, செயற்கை இழைச் சட்டை படபடத்து நிலைமின்சாரம் உண்டாகும். பட்டை அதையும் துடிப்பாக எண்ணிவிடும். முனைகளை நன்றாக நனைத்துப் போடுங்கள், வியர்த்ததும் தானே சரியாகும். மார்பு வலியோ தலைச்சுற்றலோ கூட இருந்தால் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இறங்கி உதவி கேளுங்கள்.

பவர் மீட்டர் எண் பழைய கணினியில் வந்ததுபோல் இல்லை

கணினியை மாற்றினால் பூஜ்யத் திருத்தத்தை, அதாவது பெடலில் சுமை இல்லாதபோது பூஜ்யம் காட்டும்படி திருத்துவதை, மறுபடி செய்து பாருங்கள். சைக்கிளை வெளியே வைத்து, வெப்பநிலை வெளிக்காற்றோடு ஒன்றியபின், பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள். காற்று திரும்பி வெப்பம் பதினைந்து பாகை விழுந்த நாளில் வழியில் நிற்கும்போது இன்னொரு முறை செய்வது நல்லது. சராசரி மட்டும் வேறுபட்டால், மிதிக்காத நேரத்தின் பூஜ்யங்களைச் சேர்க்கிறதா விடுகிறதா என்ற அமைப்பைப் பாருங்கள்.

பேட்டரி சொன்ன நேரம் நிற்கவில்லை

பெட்டியில் அச்சிட்ட மணிநேரம் பெரும்பாலும் திரை வெளிச்சம் குறைவாக, சென்சார்கள் சிலவே இணைந்து, வழிகாட்டல் இல்லாமல் கிடைப்பது. அதை அப்படியே எதிர்பார்ப்பது நம் குற்றமல்ல. அச்சிட்டவர்கள் நிபந்தனையைப் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் பழுது என்று வாதாட, அவர்களுடைய நிபந்தனையிலேயே அளந்து காட்டுவதுதான் வலிமை.

முழுதாகச் சார்ஜ் செய்து, இரட்டை அலைவரிசையையும் வழிகாட்டலையும் மூடி, வெளிச்சத்தைக் குறைத்து, வெளியே வைத்துப் பதிவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் சதவீதத்தை எழுதுங்கள். மணிக்கு பத்து சதவீதம் போனால் பத்து மணி நேரம்; பெட்டி இருபது என்றால் பாதிதான் கிடைக்கிறது. நாற்பது சதவீதத்திலிருந்து சட்டென்று ஐந்துக்கு விழுந்து அணைந்தால் பேட்டரியே பழுது, இதில் சந்தேகம் வேண்டாம். சோதனை சரியாக வந்து, ஓட்டும்போது மட்டும் குறைகிறது என்றால், வரைபடத்தை எப்போதும் திரையில் வைத்திருப்பதும் உச்ச வெளிச்சமும் தின்கின்றன. அமாஷோவாவை ஐந்தாறு மணி நேரத்தில் முடிப்பவருக்கு எல்லாவற்றையும் இயக்கினாலும் போதும். நாள் முழுக்க மலைப்பக்கம் போகிறவர் வெளிச்சத்தைத் தானியங்கியில் விடட்டும்.

கருவியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். டிசம்பர் வெயில் லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குடிக்கும்.

சார்ஜ் ஏறவில்லை

இருபுறமும் யுஎஸ்பி-சி முனை கொண்ட கேபிளில் ஏறாமல், பழைய அகன்ற யுஎஸ்பி-ஏ முனையிலிருந்து வரும் கேபிளில் மட்டும் ஏறும் கருவிகள் உண்டு. உள்ளே வைக்க வேண்டிய சிறு மின்தடைகளை மிச்சம் பிடித்ததால் வரும் குறை இது. பழைய சார்ஜரில் ஏறினால் நிம்மதியாகப் பயன்படுத்தலாம், ஆனால் புகாரில் எழுதி வையுங்கள். துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் செய்யவே கூடாது. முனைகள் அரிக்கும், அப்புறம் "நீர் புகுந்தது" என்று உத்தரவாதத்தை மறுப்பார்கள். ஐபிஎக்ஸ்7 என்ற குறி ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் முப்பது நிமிடம் என்ற சோதனையைத்தான் சொல்கிறது. கடல்நீரையும் குழாய் பீய்ச்சும் நீரையும் அது சொல்லவில்லை.

வழிகாட்டல் திருப்பங்களைச் சொல்வதில்லை, அல்லது தவறாகச் சொல்கிறது

நண்பர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் என்ற வகைப் பாதைக் கோப்பில் பெரும்பாலும் புள்ளிகள் மட்டுமே இருக்கும், "இடப்பக்கம் திரும்பு" என்ற குறிப்பு இருக்காது. வரைபடத்தைப் பார்த்து அந்தக் குறிப்பைக் கருவியே உருவாக்க வேண்டும். கருவியில் தென்னாப்பிரிக்க வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த கருவியில் அந்த நாட்டு வரைபடம் மட்டும் இருப்பது சகஜம். வரைபடத்தை இறக்கியும் வரவில்லை என்றால், திருப்பக் குறிப்புகளோடு டிசிஎக்ஸ் வடிவில் அதே பாதையை மறுபடி எடுத்துப் போடுங்கள்.

போன வழியே திரும்பும் பாதைகளில் கருவி குழம்பினால், போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு கோப்புகளாக வெட்டுங்கள். நின்ற இடத்தில் திசைமுள் சாய்ந்து காட்டினால், திறந்தவெளியில் எட்டு வடிவில் சுழற்றித் திருத்துங்கள். இங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து இருபது பாகைக்கும் மேல் மேற்கே விலகியிருக்கிறது; "உண்மை வடக்கு" என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள்.

தமிழில் வரும் செய்திகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன

இது கையேட்டில் இருக்காது. வீட்டிலிருந்து தமிழில் வரும் செய்தி திரையில் வரிசையாகக் காலிக் கட்டங்களாக நிற்கும். சில கருவிகளில் எழுத்துகள் வரும், ஆனால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தனியே தொங்கும். முதல் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. இரண்டாவதில் எழுத்துரு உண்டு, எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் நிரல் இல்லை. பயனர் செய்யக்கூடியது குறைவு. பாதைக் கோப்புகளுக்கும் தொடர்புப் பெயர்களுக்கும் ரோமன் எழுத்தில் பெயர் வைத்தால் அவையாவது படிக்கத் தெரியும்.

ஆனால் இதை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யூனிகோடில் தமிழுக்கு 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. புதிதாக ஒரு கருவியை உருவாக்குகிறவர்கள் இன்றும் அதைச் சேர்க்காமல் விடுவது கவனக்குறைவு. இது வன்பொருளின் எல்லை அல்ல, மென்பொருள் புதுப்பிப்பில் வரக்கூடியது. திரையைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். டர்பனிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒரே புகார் போனால்தான் அவர்களுடைய வேலைப்பட்டியலில் அது மேலே ஏறும்.

மழையில் திரை தானாக மாறுகிறது. வெயிலில் திரை கறுக்கிறது

மழைத்துளியை விரல் என்று எண்ணுகிறது. தொடுதிரைப் பூட்டைப் பொத்தான் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள், கோடை மாலை இடிமழைக்கு அது அவசியம். வெயிலில் கறுத்தால், நீங்கள் போட்டிருக்கும் குளிர்கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். போலராய்டு கண்ணாடி சில திரைகளைச் சில கோணத்தில் இருட்டாக்கும்.

நடுவழியில் உறைந்துபோகிறது, அல்லது அணைந்து அணைந்து எழுகிறது

மின்பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி விடாமல் அழுத்துங்கள். எழுந்ததும் "பயணத்தைத் தொடரவா, நீக்கவா" என்று கேட்டால் அவசரத்தில் நீக்கிவிடாதீர்கள். அதுவரை ஓட்டியது பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அணைந்தால், கடைசியாக ஏற்றிய பாதைக் கோப்பைச் சந்தேகப்படுங்கள். வீட்டுக் கணினியோடு கேபிளால் இணைத்து அந்தக் கோப்பை மட்டும் நீக்குங்கள். நினைவகம் நிரம்பியிருந்தாலும் இப்படி நடக்கும். புதுப்பிப்புக்குப் பின் தொடங்கிய கோளாறு என்றால், பயணக் கோப்புகளை நகலெடுத்துவிட்டுத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறைந்தால், உறைந்த திரையைக் கைப்பேசியில் காணொளியாக எடுங்கள். கடையில் கொடுக்கும்போது கருவி நல்லபிள்ளைபோல் இயங்கும், காணொளிதான் உங்களுக்குச் சாட்சி.

போட்டிக்கு முந்தைய வாரத்தில் எந்தப் புதுப்பிப்பையும் ஏற்காதீர்கள். புதிதாக வெளிவந்த கருவிகளில் ஒரு புதுப்பிப்பு ஒன்றைச் சரிசெய்து வேறொன்றைக் கெடுப்பது உண்டு.

பயணம் கைப்பேசிக்கு ஏறவில்லை

பேட்டரியை மிச்சப்படுத்தும் பெயரில் கைப்பேசி அந்தச் செயலியைத் தூங்கவைத்திருக்கும். பின்னணியில் இயங்க அனுமதி கொடுங்கள். வைஃபை என்றால், பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையை மட்டும் பார்க்கும். மின்சாரம் போன நேரத்தில் ரூட்டரும் அணைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் வீட்டுக் கணினியோடு கேபிளால் இணைத்து, பயணம் பதிவாகியிருக்கும் ஃபிட் கோப்பை நேரடியாக எடுத்து ஏற்றுங்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை

இப்போது சட்டம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55, 56-ஆம் பிரிவுகளின்படி, பொருள் அதற்குரிய வேலைக்குத் தகுந்ததாகவும் நல்ல இயங்குநிலையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால், கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே, அவர் செலவில், திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. "எங்கள் கடையில் பணம் திருப்புவதில்லை" என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. பழுது பார்த்தபின் மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தாலோ புதியது ஒன்று தோன்றினாலோ, மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். மறுபடியும் பழுதுபார்க்க எடுத்துக்கொள்ள முடியாது.

பிடிக்கவில்லை என்பது பழுதாகாது, அதற்கு இந்தப் பிரிவு உதவாது. இணையத்தில் வாங்கியிருந்தால் 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிமாற்றச் சட்டம், கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்ப இடம் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவிக்கு இங்குள்ள கடைக்காரர் பொறுப்பல்ல. வாங்கிய நாட்டின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு நாளைக் குறியுங்கள். வாங்கியதிலிருந்து நான்காவது மாதம் முடியும் நாள் என்பது என் யோசனை. அதற்குள் வாக்களித்த புதுப்பிப்பு வரவில்லை என்றால் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கோளாறு என்ன, எந்தப் பதிப்பில், எந்தெந்தத் தேதிகளில், என்னென்ன செய்து பார்த்தீர்கள், சட்டத்தின் எந்தப் பிரிவின்படி எதைக் கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். கடை மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் அதே பக்கத்தை அனுப்பலாம்.

கருவியை ஒப்படைக்கும் முன் பயணக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிடுங்கள். தினமும் எங்கே கிளம்பி எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் அதில் இருக்கின்றன. பட்டை, கேபிள், மாட்டும் பிடி எல்லாவற்றையும் பெட்டியில் சேர்த்து, தொடர் எண்ணைக் கடைக்காரர் கையெழுத்தோடு ரசீதில் வாங்கிக்கொள்ளுங்கள்.